சர்க்கரையோடு வாழ்கிறீர்களா? அதே பாதையில் நடக்கும் ஒருவரைத் துணையாகத் தேடிக்கொள்ள ஒரு வழிகாட்டி

எனக்கு டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த அன்று டாக்டர் தந்த சீட்டில் மாத்திரை இருந்தது, உணவு அட்டவணை இருந்தது, அடுத்து வர வேண்டிய தேதியும் இருந்தது. இதே நோயோடு வாழும் இன்னொருவரை எங்கே போய்ப் பார்ப்பது என்பது மட்டும் இல்லை. அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. நடுவில் தவறான ஒரு குழுவில் சேர்ந்து, அவர்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். அந்த ஒன்றரை வருடத்தை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைசியில் அவர் கிடைத்தது ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொரு நுனியிலும் நட்டநடுவில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். "நடுவுலயா குத்திக்கிறீங்க? ஓரத்துல குத்துங்க, அங்க வலி கம்மி" என்று சொல்லிவிட்டுத் தன் மோதிர விரலைத் திருப்பி, நகத்துக்குப் பக்கவாட்டில் உள்ள சதையைக் காட்டினார். அப்புறம், "லான்செட் ஊசியை எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். ஒரு மாதமாக ஒரே ஊசி. அது மழுங்கி, அதனால்தான் அவ்வளவு வலி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு நிமிடப் பேச்சு. அன்றிலிருந்து விரலைக் குத்திக்கொள்ளும் பயம் எனக்குப் போய்விட்டது.

டாக்டருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் தினமும் விரலைக் குத்திக்கொள்கிற ஒருவருக்குத்தான் இன்னொருவர் விரலைப் பார்த்ததும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. சக நோயாளி ஒருவரின் துணை என்று நான் சொல்வது இதைத்தான். சரி, அதை எப்படித் தேடுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. எங்கே இடிக்கிறது என்று முதலில் எழுதுங்கள்

"சர்க்கரை நோயாளிகள் குழு" என்று பொதுவாகத் தேடினால் பொதுவான குழுதான் கிடைக்கும். முதலில் ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்.

முதல் வரியில், எந்த வகைச் சர்க்கரை: டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோவது), டைப் 2 (சுரக்கும் இன்சுலின் போதாமலோ சரியாக வேலை செய்யாமலோ போவது), கர்ப்பகாலச் சர்க்கரை. இரண்டாவது வரியில் என்ன சிகிச்சை என்பது: உணவுக் கட்டுப்பாடு மட்டுமா, மாத்திரையா, இன்சுலின் ஊசியா, இன்சுலினைத் தானாகச் செலுத்தும் பம்ப்பா, கூடவே சர்க்கரையை அளக்கத் தோலில் ஒட்டும் சென்சாரா. மூன்றாவது வரியில், ஒரு நாளில் எந்த நேரம் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதுங்கள். தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயமா? அலுவலகத்தில் ஊசி போட்டுக்கொள்ளக் கூச்சமா? "எவ்வளவு செய்தாலும் ரிப்போர்ட் சரியாக வரவில்லையே" என்ற அலுப்பா?

மூன்றாவது வரிதான் முக்கியம். "வீட்டில் எல்லோரும் என் தட்டையே பார்க்கிறார்கள்" என்று நான் எழுதினேன். அதை எழுதிய பிறகுதான் எனக்கு உணவு ஆலோசனை இன்னும் வேண்டியதில்லை, இதே பார்வையைச் சமாளித்த ஒருவர் வேண்டும் என்று தெரிந்தது.

இந்த அலுப்புக்கு மருத்துவத்திலும் தனியாக ஒரு பெயர் உண்டு: நீரிழிவு மனச்சுமை. அதை அளக்க 'பெய்ட்' (PAID) என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. 100க்கு 40ஓ அதற்கு மேலோ வந்தால் சுமை கடுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, மனம் இருண்டே கிடந்தால் குழுவைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். சக நோயாளியின் துணை அதற்கான சிகிச்சை ஆகாது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள்

குழுவில் சேர எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் பேச்சு பயனுள்ளதாக இருக்க இவை வேண்டும்:

• கடைசி இரண்டு எச்பிஏ1சி ரிப்போர்ட். மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்வது இதைத்தான்.
• மாத்திரை, இன்சுலின் பெயர்களும் அளவுகளும் எழுதிய பட்டியல்.
• இரண்டு வாரத்துக்கு வீட்டில் பார்த்த அளவுகள், நேரத்தோடு. மெஷினின் நினைவகத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்று என்ன நடந்தது என்பதும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.
• பர்ஸில் ஒரு சிறு அட்டை: உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, என்ன மருந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்.

இவை உங்கள் கையில் இருப்பதற்கு. குழுவில் போடுவதற்கு இல்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் உங்கள் பெயர், வயது, மருத்துவமனைப் பதிவு எண் எல்லாம் கூடவே போய்விடும். எண்ணை மட்டும் தட்டச்சு செய்து சொல்லுங்கள், போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில நாடுகளில் ரத்தச் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வார்கள், சில நாடுகளில் மில்லிமோலில். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும்; 7 என்றால் 126. எச்பிஏ1சியோ பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். ஒருவர் "எனக்கு 9" என்று எழுதினால் அது மில்லிமோலாக இருந்தால் 162; எச்பிஏ1சி ஆக இருந்தால் சராசரியே சுமார் 212. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். பல ஊர்க்காரர்கள் இருக்கும் குழுவில் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்தவர் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எங்கே தேடுவது

சிகிச்சை பெறும் இடத்திலேயே தொடங்குங்கள். டாக்டருக்கு நேரம் இருக்காது. நர்ஸையோ, உணவியல் நிபுணரையோ, நீரிழிவு ஆலோசகர் இருந்தால் அவரையோ பிடியுங்கள். "இங்கே குழு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். நான் அப்படிக் கேட்டுத்தான் மூன்று இடத்தில் வெறும் கையோடு திரும்பினேன். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "என்னைப் போல இன்சுலின் ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன ஒருவர் என்னோடு பேசச் சம்மதிப்பாரா? என் நம்பரை அவரிடம் கொடுங்கள்." நோயாளியின் நம்பரை அவர்களால் உங்களிடம் தர முடியாது. உங்கள் நம்பரை அவரிடம் தருவதில் சிக்கல் இல்லை. பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அடுத்த முறை போகும்போது நினைவுபடுத்துங்கள்.

அடுத்தது நீரிழிவுச் சங்கங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்புக்கு 160க்கும் மேற்பட்ட நாடுகளில் உறுப்புச் சங்கங்கள் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் நாடு வாரியாகப் பட்டியல் கிடைக்கும். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அதையொட்டி முகாம்களும் கூட்டங்களும் நிறைய நடக்கும், எனவே அக்டோபரிலேயே விசாரித்து வையுங்கள். முகாமில் இலவசப் பரிசோதனை செய்துகொண்டு கிளம்பிவிடாமல், அங்கே தொண்டு செய்ய வந்திருப்பவர்களோடு பேசுங்கள். அவர்களில் பலர் சர்க்கரையோடு வாழ்பவர்களாகவே இருப்பார்கள்.

டைப் 1 குழந்தையின் பெற்றோர் பெரியவர்களுக்கான பொதுக் குழுவுக்குப் போக வேண்டாம். அங்கே பெரும்பாலும் டைப் 2 பேச்சுதான் இருக்கும், "எடையைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்பது போன்ற அறிவுரைகள் உங்களைப் புண்படுத்தும். டைப் 1 பெற்றோர் குழு என்றே கேட்டுத் தேடுங்கள். உங்கள் பிள்ளைக்கும் அதே வயதில் ஊசி போட்டுக்கொள்ளும் இன்னொரு பிள்ளையின் நட்பு வேண்டும். அதற்கு டைப் 1 பிள்ளைகளுக்கென்றே நடக்கும் கோடை முகாம்கள் நல்ல இடம்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும்போது அவைதான் கைக்கு எட்டும். ஆனால் அவற்றில் சேரும் முன் அடுத்த படியைப் படித்துவிடுங்கள்.

4. வாய் திறக்கும் முன் ஒரு மாதம் கவனியுங்கள்

நான் விழுந்த குழி இது. முதலில் சேர்ந்த குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள், எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். ஒருவர் ஒரு மூலிகைப் பொடியைச் சொன்னார். பத்துப் பேர் "எனக்குக் கேட்டது" என்றார்கள். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டுப் பொடியைக் குடித்தேன். மூன்றே வாரத்தில் வெறும்வயிற்றுச் சர்க்கரை 140இலிருந்து 290க்குப் போனது. தண்ணீர் குடித்துக் குடித்தும் தாகம் அடங்கவில்லை, ராத்திரியில் நாலைந்து முறை எழுந்தேன். குழுவில் சொன்னேன். "உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, விடாதீர்கள்" என்று பதில் வந்தது. பொடியை விற்றவரே அந்தக் குழுவின் அட்மின் என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்கு டைப் 2 என்பதால் இதோடு போயிற்று. டைப் 1 உள்ள ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஒரே நாளில்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். "இன்சுலினை விட்டுவிடலாம்" என்று ஒரு குழுவில் யாராவது சொல்லி, அதை அங்கே யாருமே மறுக்கவில்லை என்றால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

அந்த ஒரு மாதத்தில் பார்க்க வேண்டியவை:

குழு நடத்துபவர் யார், அவருக்கு வருமானம் எங்கிருந்து? எதையாவது விற்கிறாரா? மருந்துக் கம்பெனியோ மெஷின் கம்பெனியோ பணம் கொடுத்தால் அதை வெளிப்படையாகச் சொல்கிறார்களா? சொன்னால் பரவாயில்லை; மறைத்தால் அதை அப்படியே விட்டுவிட முடியாது.

மருந்தின் அளவைப் பற்றிக் கேள்வி வந்தால் என்ன பதில் வருகிறது? நல்ல குழுவில் "எனக்கு டாக்டர் இப்படி மாற்றினார், நீங்கள் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்" என்பார்கள். "நாலு யூனிட் கூட்டிப் போடுங்கள்" என்று சொல்லும் குழு வேண்டவே வேண்டாம். ஒரே எச்பிஏ1சி உள்ள இருவருக்கு இன்சுலின் தேவை இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படலாம்.

ஒருவர் மோசமான எண்ணைச் சொன்னால் எப்படி நடத்துகிறார்கள்? இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். "320 வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியதும் "என்ன சாப்பிட்டீங்க?" என்ற விசாரணை தொடங்கினால், அடுத்த முறை அவர் 320ஐ மறைப்பார். மறைக்கத் தொடங்கிவிட்டால் அந்தக் குழுவால் அவருக்குப் பயன் இல்லை. "இப்ப எப்படி இருக்கு? தண்ணி குடிச்சீங்களா? திரும்பப் பார்த்தீங்களா?" என்று முதலில் கேட்கும் குழு கிடைத்தால் விடாதீர்கள்.

5. முதல் நேர்ச் சந்திப்புக்குப் போகும்போது

மெஷின், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நீண்டு சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது சகஜம். இன்சுலினோ, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. எந்த மாத்திரைக்கு அந்த குணம் உண்டு என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். அரை கப் பழச்சாறும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மயங்கிவிட்ட ஒருவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

முதல் நாளே உங்கள் கதை முழுவதையும் சொல்ல வேண்டும் என்று இல்லை. "ஆறு மாதமாக டைப் 2, மாத்திரை எடுக்கிறேன், இன்று கேட்க வந்தேன்" என்றால் போதும். வீட்டில் இருப்பவரைக் கூட்டிப்போவதா என்று பலர் கேட்பார்கள். முதல் முறை தனியாகப் போங்கள் என்பது என் கருத்து. கணவரோ மனைவியோ பக்கத்தில் இருந்தால் வீட்டைப் பற்றி மனம்விட்டுப் பேச முடியாது. மூன்றாவது நான்காவது சந்திப்புக்கு அழைத்துப் போகலாம்.

யார் கேட்டாலும் இன்சுலின் பேனாவையோ, விரல் குத்தும் கருவியையோ பகிர்ந்துகொள்ளாதீர்கள். ஊசியை மாற்றினாலும் பேனாவுக்குள் ரத்தத் துளி போயிருக்கலாம். கூச்சப்பட்டுக்கொண்டு கொடுத்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

6. குழுவுக்குள் உங்களுக்கென்று ஒருவர்

குழு ஒரு வாசல்தான். உள்ளே போனதும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடையே நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை கட்டுப்படாத நோயாளிகளை இருவர் இருவராக ஜோடி சேர்த்து, வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை நர்ஸ்கள் கவனித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஜோடி சேர்ந்தவர்களின் எச்பிஏ1சி சராசரியாக 8.02இலிருந்து 7.73க்கு இறங்கியிருந்தது. நர்ஸ் கவனித்த பிரிவில் 7.93இலிருந்து 8.22க்கு ஏறியிருந்தது. அந்த ஜோடிகளில் யாரும் நிபுணர் இல்லை, இருவருமே நோயாளிகள். ஒருவருக்கொருவர் உதவினார்கள், அவ்வளவுதான்.

வரிசையில் சந்தித்த அந்த அம்மாவும் நானும் இப்படித்தான் பேசுகிறோம். ஞாயிறு மாலை, இருபது நிமிடம். நாள், நேரம் இரண்டையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். "முடியும்போது பேசலாம்" என்று விட்டால் மூன்றாவது வாரமே நின்றுவிடும். பேச எங்களுக்கு மூன்று கேள்விகள் உண்டு: இந்த வாரம் எது சரியாகப் போனது? எது இடித்தது? அடுத்த வாரம் செய்யப்போகும் ஒரு சின்ன விஷயம் என்ன? சின்ன விஷயம் என்பது உண்மையாகவே சின்னதாக இருக்கட்டும். "எடை குறைக்கிறேன்" என்று சொன்னால் அந்த அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். "செவ்வாய், வியாழன் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடக்கிறேன்" என்றால் சரி என்பார்.

ஒருமுறை, ஊசி போட்டும் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று அவரிடம் புலம்பினேன். (அதற்குள் எனக்கும் இன்சுலின் தொடங்கியிருந்தது.) "தொப்புளுக்கு வலப்பக்கம் தடவிப் பாருங்க, கட்டி மாதிரி இருக்கா?" என்றார். இருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டதால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துப் போயிருந்தது. அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. இடத்தை மாற்றும் முன் டாக்டரிடம் பேசச் சொன்னதும் அவர்தான். நல்ல இடத்தில் போட்டால் அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்து சர்க்கரை சடாரென்று இறங்கலாம். டாக்டர் அளவைக் குறைத்துத் தந்த பிறகே இடத்தை மாற்றினேன்.

7. செலவு

நோயாளிகளே நடத்தும் குழுக்கள் பெரும்பாலும் இலவசம். சங்கங்களில் ஆண்டுச் சந்தா இருக்கலாம், ரசீது கேட்டு வாங்குங்கள். உண்மையான செலவு போக்குவரத்தும் அரை நாள் விடுப்பும்தான். எனவே டாக்டரைப் பார்க்கப் போகும் நாளோடு சந்திப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டால் மிச்சமாகும். "பயிற்சியாளர்" என்ற பெயரில் மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்பவர்களிடம் பணத்தைக் கட்டாதீர்கள். அது வியாபாரம், உங்கள் தேவை வேறு.

8. மூன்று மாதம் கொடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்

முதல் இரண்டு சந்திப்புகள் யாருக்கும் ஒட்டாது. எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவதால், எண்ணில் மாற்றம் தெரியவும் அவ்வளவு காலம் வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்த முதல் தாளை எடுத்து மூன்றாவது வரியைப் படியுங்கள். அது கொஞ்சமாவது லேசாகியிருக்கிறதா? ஒவ்வொரு முறை பேசி முடித்த பின்னும் மனம் இன்னும் கனக்கிறது என்றால் குழு உங்களுக்குப் பொருந்தவில்லை, வேறு தேடுங்கள்.

ஒருமுறை தேடியதோடு முடிந்துவிடாது. நோய் தெரிந்தவுடன், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, கண்ணிலோ சிறுநீரகத்திலோ காலிலோ புதிய பிரச்சினை வரும்போது, வேலை, வீடு, டாக்டர், சிகிச்சை என்று ஏதாவது மாறும்போது, உங்களுக்கு இப்போது எந்த மாதிரித் துணை வேண்டும் என்று மறுபடி பாருங்கள். மாத்திரைக் காலத்தில் உதவியவரால் டயாலிசிஸ் காலத்தில் உதவ முடியாமல் போகலாம். அது அவர் தவறு இல்லை.

விலகுவதாக இருந்தால் சத்தமில்லாமல் காணாமல் போகாதீர்கள். ஜோடியாகப் பேசுபவர் திடீரென்று போனை எடுக்கவில்லை என்றால் நம் மனம் எங்கெல்லாமோ போகும், அதிலும் தனியாக வசிப்பவர் என்றால் இன்னும் மோசம். அந்த அம்மா தனியாகத்தான் இருக்கிறார். ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம்: ஞாயிறு போனை எடுக்காவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை, அதற்கும் பதில் இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரருக்கு. எதிர்வீட்டுக்காரர் நம்பர் என் போனில் இருக்கிறது, என் தம்பியின் நம்பர் அந்த அம்மாவிடம் இருக்கிறது. நீங்களும் முதல் வாரமே இந்த இரண்டு நம்பர்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்.